பூட்ஸுக்குள் பெய்யும் மழை

பின்லாந்தில் மூஸ் என்கிற பெரிய மானை வேட்டையாடக் கிளம்பும் கூட்டத்தை முதல் தடவை பார்ப்பவருக்குச் சப்பென்று இருக்கும். தோளில் துப்பாக்கி, கையில் நாய்க் கயிறு, தலையிலும் மார்பிலும் சட்டம் சொல்கிறபடி ஆரஞ்சு நிறம், எல்லாம் சரிதான். காலைப் பார்த்தால் ரப்பர் பூட்ஸ். நம் ஊரில் கான்கிரீட் போடுகிறவர்கள் மாட்டுகிற அதே கம்பூட்ஸ், கொஞ்சம் உயர்ந்த தரத்தில். விளம்பரப் படங்களில் வேட்டைக்காரர்கள் போட்டிருக்கும் மொத்தத் தோல், வரிசையாகக் கொக்கி, முறுக்கிய கயிறு, ஒன்றும் கிடையாது.

ஓலு நகரத்தில் வேலை பார்க்கும் மதுரைக்கார நண்பர்தான் என்னை இதற்குள் இழுத்தார். வயதில் மூத்தவர்; நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் கிழக்கே, ரஷ்ய எல்லையை ஒட்டிய கைனூ வட்டாரம். அங்குள்ள வேட்டைச் சங்கத்தில் அவர் குடும்பமே உறுப்பினர். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை மூஸ் வேட்டை இருக்கிறது, துப்பாக்கியைத் தொடாமல் கூடவே வந்து பார்க்கலாம் என்று அழைப்பு வந்தது. 1972-ன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிய நாட்டுக்காரனுக்கு இது நெருடாமல் இருக்காது. அங்கே எத்தனை மூஸைச் சுடலாம் என்பதற்கு உரிமம் உண்டு, பொறுப்பேற்க ஒரு தலைவர் உண்டு, இறைச்சி உறுப்பினர்களுக்குள் பங்காகும். அந்த நியாயம் அநியாயம் தனிக் கட்டுரைக்கான சமாச்சாரம். அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது மூஸ் இல்லை, கால்.

கிளம்புவதற்கு முன்பே அண்ணன் போனில் எச்சரித்திருந்தார். "ஷூ வாங்கிட்டு வந்துடாதீங்க தம்பி, இங்க தர்றாங்க. சாக்ஸ் மட்டும் கம்பளியில பார்த்து எடுங்க. காட்டன் ஒண்ணுகூட வேண்டாம்."

ஓலுவிலிருந்து சுவோமுஸ்ஸால்மிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இருபுறமும் பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச், நடுநடுவே ஏரி, ஏரி இல்லாத இடத்தில் சதுப்பு. வழியெல்லாம் அண்ணன் கம்பூட்ஸின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். தமிழ்நாட்டுக்காரனுக்கு நோக்கியா என்றால் ஸ்ரீபெரும்புதூர். 2006-ல் தொடங்கி 2014-ல் மூடிய செல்போன் ஆலை. பின்லாந்தில் வயதானவர்களுக்கு அந்தப் பெயர் முதலில் ரப்பரைத்தான் நினைவுபடுத்தும். 1898-ல் ஹெல்சின்கியில் ஆரம்பித்த ஒரு ரப்பர் நிறுவனம் 1904-ல் நோக்கியா என்கிற ஊரில் ஆலை போட்டது. அந்த ஊரின் காகிதக் கம்பெனியும், இந்த ரப்பர் கம்பெனியும், ஒரு கேபிள் கம்பெனியும் 1967-ல் ஒன்றாகச் சேர்ந்துதான் நாம் அறிந்த நோக்கியா ஆயின. பூட்ஸ் பிரிவு பின்னால் தனியாகக் கழன்றுகொண்டது. கையில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே நோக்கியா அந்த நாட்டின் காலில் ஏறிவிட்டது. இன்றும் கட்டாய ராணுவப் பயிற்சிக்கு வரும் பையன்களுக்குத் தரப்படும் சாமான்களில் ரப்பர் பூட்ஸ் உண்டு.

சங்கத்தின் மரவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா, எழுபதைத் தாண்டியவர், என் கால் அளவைக் கேட்டார். 42 என்றேன். உள்ளே போய் 44 எடுத்துவந்தார். அதற்குள் ஃபெல்ட்டில், அதாவது கம்பளியை நனைத்து அழுத்தி அடை போலாக்கிய தடித்த துணியில், ஒரு உள்காலணி. அதை உருவி எடுத்து, கையை உள்ளே விட்டு ஈரம் இருக்கிறதா என்று நுனிவரை தடவிப் பார்த்து, மறுபடி சொருகிக் கொடுத்தார். கம்பளி சாக்ஸோடு காலை நுழைத்ததும் விரல்களை ஆட்டிக் காட்டச் சொன்னார். நன்றாக ஆடின. தலையை அசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த ஊர்க்காரர்களிடம் அதற்கு மேல் விளக்கம் எதிர்பார்க்க முடியாது.

விளக்கம் உடற்கூற்றில் இருக்கிறது. குளிர் பட்டதும் உடம்பு செய்யும் முதல் சிக்கனம் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பது. நெஞ்சும் மூளையும் முதலில், விரல்கள் அப்புறம் என்பது அதன் கணக்கு. கால் சில்லிட்டால் தொப்பியைப் போடு, எதையாவது சாப்பிடு என்று வடக்கே சொல்வது அதனால்தான். நடு உடம்பில் சூடு மிச்சமிருந்தால்தான் காலுக்கு வந்து சேரும். இறுக்கமான பூட்ஸுக்குள் சாக்ஸ் மேல் சாக்ஸாகத் திணித்தால் வருகிற கொஞ்ச ரத்தத்துக்கும் வழி அடைபடும். தவிர, காலைக் காப்பது கம்பளி மட்டுமல்ல, கம்பளி பிடித்துவைத்திருக்கும் அசையாத காற்றும்தான். அமுங்கிய கம்பளியில் காற்று இல்லை. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டாலோ, சூடு ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்தப்பட்டுவிடும்.

மறுநாள் காலை வெப்பநிலை 1 டிகிரி. மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் இரண்டும் கலந்து சிதறிக்கொண்டிருந்தது. மைனஸ் 25 என்று கேட்டால் நமக்கு நடுங்கும். அந்த ஊர்க்காரர்கள் அஞ்சுவது இந்த 1 டிகிரிக்குத்தான். மைனஸ் 25-ல் பனி மாவு மாதிரி உலர்ந்து கிடக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும், கால் நனையாது. உறையும் உறையாமலும் நிற்கிற இந்தப் பருவத்தில் எல்லாமே தண்ணீர். நாற்று நட்ட கால்களில் சேற்றுப்புண் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஈரம் தோலை அழுகவைக்கும் என்று தெரியும், ஆனால் நம் ஈரம் வெதுவெதுப்பானது. குளிர்ந்த ஈரத்தின் வேலையே வேறு. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் 1914-15 குளிர்காலத்தில் மட்டும் 20,000-க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதில் கால் பாதிக்கப்பட்டார்கள். அங்கே கால் உறையவில்லை. உறைநிலைக்கு மேலேயே, மணிக்கணக்கில் சேற்றுத் தண்ணீரில் நின்றதில் ரத்த ஓட்டம் நின்று, மரத்து, வீங்கி, சிலருக்கு வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. திமிங்கில எண்ணெய் தடவச் சொன்னார்கள். அதைவிடப் பலன் தந்தது, ஒருவர் காலை இன்னொருவர் சோதிப்பதும், தினம் சாக்ஸை மாற்றியாக வேண்டும் என்ற கண்டிப்பான உத்தரவும்தான்.

மூஸ் வேட்டையில் நடப்பது கொஞ்சம், நிற்பதுதான் அதிகம். நாயோடு ஒருவர் காட்டுக்குள் போவார். நாய் மூஸைக் கண்டுபிடித்துக் குரைத்தே ஒரு இடத்தில் நிறுத்தி வைக்கும். அதன் கழுத்துப்பட்டையிலிருந்து வரும் புள்ளியை எல்லாரும் செல்போன் வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் தலைவர் ஒதுக்கிய இடங்களில் ஆளுக்கொரு பக்கமாக நிற்கவேண்டும். பேசக்கூடாது, உலாவக்கூடாது. மணிக்கணக்கில் அப்படியே. கால் குளிரில் மாட்டிக்கொள்வது அப்போதுதான்.

பூட்ஸ் தந்த அந்தப் பெரியவரோடு நான் அனுப்பப்பட்டேன். அவர் நடந்த வேகம் எனக்கு எரிச்சலாக இருந்தது. மேல்கோட்டைத் திறந்துவிட்டு, தொப்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கோவில் பிராகாரம் சுற்றுகிற நடை. நான் முந்தினால் கையைக் காட்டி நிறுத்துவார். காட்டின் விளிம்பில் சதுப்பைப் பார்த்தபடி அவருடைய இடம். போய்ச் சேர்ந்ததும் முதுகுப்பையோடு சேர்ந்த மடக்கு ஸ்டூலைப் பிரித்து உட்கார்ந்து, முதல் காரியமாக பூட்ஸைக் கழற்றினார்.

அந்தக் குளிரில் ஒரு மனிதர் வெறுங்காலைக் காற்றில் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கே சிலிர்த்தது. நடக்கும்போது போட்டிருந்தது மெல்லிய சாக்ஸ்; பூட்ஸுக்குள் ஃபெல்ட்கூட இல்லை, அது பையில் வந்தது. மெல்லிய சாக்ஸை உருவிக் காலை ஒரு துணியால் விரலிடுக்குவரை ஒற்றினார். ஈரமான சாக்ஸைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு வைத்துக்கொண்டார், உடம்புச் சூட்டில் காயும். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் வீட்டில் பின்னிய முரட்டுக் கம்பளி சாக்ஸ். பிறகு ஃபெல்ட்டை பூட்ஸுக்குள் சொருகிக் காலை நுழைத்தார். கடைசியாக ஸ்ப்ரூஸ் மரத்தின் தாழ்ந்த கிளைகளை ஒடித்து, தரையில் பரப்பி, அதன்மேல் இரண்டு காலையும் வைத்தார். தரை கீழிருந்து சூட்டை உறிஞ்சுவதற்கு அது தடுப்பு. இவ்வளவுக்கும் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. துப்பாக்கியை எடுத்ததே அதற்குப் பிறகுதான்.

அந்த மந்த நடைக்குப் பொருள் அப்போது விளங்கியது. வியர்க்கக் கூடாது. ரப்பர் வெளியிலிருந்து ஒரு சொட்டும் விடாது. அதே கண்டிப்போடு உள்ளிருந்தும் ஒரு சொட்டும் விடாது. நாளெல்லாம் நடந்தவனின் பூட்ஸுக்குள் மழை உள்ளேயே பெய்து உள்ளேயே தேங்கும். நடக்கிறவரை தெரியாது. நின்றதும் அந்த ஈரம் குளிரத் தொடங்கும். பருத்தி சாக்ஸ் என்றால் நனைந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை நாருக்குள் வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, சுருள் அமுங்காமல் காற்றையும் விடாமல் வைத்திருக்கும். போனில் வந்த எச்சரிக்கைக்குக் காரணம் இதுதான்.

அன்று எங்கள் பக்கம் மூஸ் வரவில்லை. மதியத்துக்கு மேல் தெற்கே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. எல்லாரும் அங்கே போய்ச் சேரவேண்டும். குறுக்கே சதுப்பு. மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவித் தாவிப் போகிற பாதையில் அண்ணனுடைய ஒரு கால் தொடைவரை இறங்கிவிட்டது. இழுத்தால் கால் வருகிறது, பூட்ஸ் வரவில்லை. இரண்டு பேர் பூட்ஸின் விளிம்பைப் பிடித்து இழுக்க, அது கள்ளுப்பானை கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தத்தோடு வெளியே வந்தது. "மதுரையில வைகை வத்தினப்பகூட இவ்வளவு சேத்தைப் பார்த்ததில்ல தம்பி" என்றார், பல் கிடுகிடுக்க.

பெரியவர் அவரை ஒரு விழுந்த மரத்தில் உட்காரவைத்து, பூட்ஸைக் கவிழ்த்து, சாக்ஸைப் பிழிந்து பையில் போட்டார். மாற்று சாக்ஸ் வருவதற்குப் பதில் அவர் பையிலிருந்து வந்தது ஃபிளானல் துணி, கைக்குட்டையை விடப் பெரிய சதுரம். அதை மரத்தின்மேல் விரித்து, அண்ணன் காலை அதன் ஒரு மூலையைப் பார்த்தாற்போல் குறுக்கே வைத்து, மூலைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சுற்றினார். எங்கும் ஒரு மடிப்பு நிற்காமல் நீவிவிட்டார். மடிப்பு நின்றால் நடக்கையில் கொப்புளம். அந்தக் காலத்தில் ராணுவத்தில் கற்றது. துணியின் நன்மை என்னவென்றால், நுனி நனைந்தால் திருப்பிக் கட்டிக்கொள்ளலாம், உலர்ந்த பக்கம் விரல்களுக்கு வந்துவிடும். பிரித்து விரித்தால் சாக்ஸை விடச் சீக்கிரம் காயும். ரஷ்ய ராணுவம் இந்தக் கால்துணியை 2013-ல்தான் கைவிட்டது.

அந்தக் கூட்டத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் மட்டும் முழு ரப்பர் போடவில்லை. மேலே தோல், கீழே ரப்பர், நடுவே தையல், அமெரிக்க வேட்டைக்காரர்களின் ரகம். அதற்குப் பூர்வீகம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம். லியோன் லியோன்வுட் பீன் என்பவர் 1911-ல் வேட்டைக்குப் போய் நனைந்த காலோடு திரும்பி, ரப்பர் மேலுறையின் அடிப்பாகத்துக்கு மேலே தோலைத் தைக்கச் சொன்னார். மறுவருஷம் தபாலில் விற்றார். முதல் 100 ஜோடியில் 90 தையல் விட்டுத் திரும்பி வந்தன. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தையலைச் சரிசெய்தார். அந்தக் கம்பெனி இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை. அதே வகை பூட்ஸைத்தான் கொரியப் போரில் அமெரிக்கப் படைகள் போட்டிருந்தன. 1950 நவம்பர், டிசம்பரில் சோசின் நீர்த்தேக்கத்தின் மலைகளில் நடந்து ஏறும்போது கால் வியர்த்தது. நின்றதும் உள்ளே போட்ட ஃபெல்ட் அட்டை பனிக்கட்டியானது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு உறைபனிக் காயம். அதற்கு அடுத்து வந்த ராணுவ பூட்ஸ் ஒரு விசித்திரம். கம்பளியை இரண்டு ரப்பர் சுவர்களுக்கு நடுவே வைத்து முற்றாக அடைத்துவிட்டார்கள். கால் வியர்வையில் ஊறட்டும், கம்பளிக்கு ஈரம் போகவே போகாது என்ற யோசனை. உருண்டையான தோற்றத்தால் சிப்பாய்கள் அதை மிக்கி மவுஸ் பூட்ஸ் என்றார்கள். கால் தப்பித்தது, தோல் வெளுத்து ஊறியது. ஈரமான கால் எப்போதும் குளிர்ந்த கால் ஆகவேண்டியதில்லை என்பதற்கு அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த நல்ல விதிவிலக்கு.

சாயங்காலம் மரவீட்டில் நடந்ததைப் பார்த்தபோது வேட்டையே இதற்காகத்தானோ என்று தோன்றியது. மூஸை உரித்துத் தொங்கவிட்டாயிற்று. காபி கொதிக்கிறது. ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. ஆளாளுக்கு பூட்ஸிலிருந்து குடலை உருவுகிறார்கள். ஃபெல்ட் தனியாக, அடியில் போட்ட அட்டை தனியாக, சாக்ஸ் தனியாக, ஒவ்வொன்றும் சுவரில் ஒவ்வொரு ஆணியில். விறகடுப்பின் நேர் மேலே அல்ல, அதற்கு எதிர்ச்சுவரில், காற்று ஓடும் இடத்தில். காலியான ரப்பர் பூட்ஸுக்குள் கைனூன் சனோமத் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தார்கள். அரைமணி கழித்து ஈரத்தாளை உருவிவிட்டு வேறு தாள். செய்தித்தாள் எல்லாம் போனுக்குள் போய்விட்டால் பூட்ஸுக்கு எதைத் திணிப்பது என்று அங்கே ஒரு கவலை ஓடிக்கொண்டிருந்தது, பாதி விளையாட்டாக. சௌனாவில் குளித்து முடித்து, அறை ஆறத் தொடங்கிய பிறகு, மிச்சச் சூட்டில் சாக்ஸைக் கொண்டுபோய் வைத்தார்கள். கொதிக்கும்போது வைப்பதில்லை. நனைந்த தோலை அடுப்போரம் வைத்தால் சுருங்கி விறைத்து வெடிக்கும், பசை விட்டுப்போகும். தோல் பூட்ஸ் கெடுவது காட்டில் அல்ல, அடுப்படியில். ஆறிய தோலுக்குப் பைன் தார் கலந்த கொழுப்பைத் தேய்ப்பார்கள். ஒரு காலத்தில் ஓலு துறைமுகத்திலிருந்து உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் போன அதே தார். புகையும் பிசினும் கலந்த வாசனை, ஒருமுறை கையில் பட்டால் சோற்றில்கூட மணக்கும்.

உலர்த்துவதில் இவர்களுக்கு ஒரு பித்து என்றே சொல்லலாம். குழந்தைகள் காப்பகங்களில் நனைந்த உடுப்பு காய்வதற்கென்றே சூடான அலமாரி இருக்கும். கழுவிய தட்டு சொட்டச் சொட்டக் காய்வதற்கு, சிங்குக்கு மேலே அடித்தட்டில்லாத அலமாரி வீட்டுக்கு வீடு உண்டு. மாய்யு கெப்ஹார்ட் என்கிற அம்மையார் 1940-களில் வடிவமைத்துப் பரப்பியது.

அந்தப் பையனின் பூட்ஸுக்கு வருகிறேன். உள்ளே சவ்வு வைத்துத் தைத்தது; தண்ணீரை விடாது, ஆவியை வெளியே விடும் என்ற வகை. 1969-ல் பாப் கோர் என்ற அமெரிக்கர் டெஃப்லான் தண்டை வெடுக்கென்று இழுத்தபோது அது அறுபடாமல் நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகளால் நிறைந்த பொருளாகியது. அதிலிருந்து பிறந்த தொழில்நுட்பம். அறிவியலாகப் பார்த்தால் அழகானது. ஆனால் ஆவி வெளியேற வேண்டுமென்றால் உள்ளே சூடும் ஈரமும் கூடுதலாக, வெளியே குறைவாக இருக்கவேண்டும். வெளித்தோல் நனைந்து ஊறிவிட்டால் ஆவிக்குப் போக்கிடம் சுருங்கிவிடும். பெரிய சங்கடம் அதுவுமல்ல. அந்த உட்புறம் தைக்கப்பட்டது, உருவ முடியாது. இரவு முழுவதும் தாள் மாற்றியும் மறுநாள் காலை நுனியில் ஈரம் இருந்தது. பெரியவர் கையை உள்ளே விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பையன் மறுபேச்சில்லாமல் பரணிலிருந்து ஒரு பழைய ரப்பர் ஜோடியை எடுத்துக்கொண்டான்.

பூட்ஸ் வாங்கும்போது எல்லாரும் தோலா ரப்பரா, எந்தக் கம்பெனி, எவ்வளவு விலை என்று வெளிப்புறத்தைத்தான் பார்க்கிறோம். நான் பார்த்த வரையில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இதன் உள்ளேயிருப்பதை ராத்திரி வெளியே எடுக்க முடியுமா?

வேட்டை முடிந்தபின் அண்ணனும் நானும் வடக்கே இனாரிக்குக் காரில் போனோம். ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் சுவோமுஸ்ஸால்மிக்கு வடக்கே ஒரு வெட்டவெளியில் ஆயிரம் பேர் அசையாமல் நிற்கிறார்கள். மரச் சிலுவையில் சட்டை மாட்டி, புல்முளைத்த மண்கட்டியைத் தலையாக வைத்த உருவங்கள். ரெய்யோ கேலா என்ற நடனக் கலைஞரின் படைப்பு. சட்டை, கோட்டு, தாவணி எல்லாம் உண்டு, கால் மட்டும் வெறும் கம்பம். அந்த வட்டாரத்திலிருந்துதான் கிழக்கே போகிறது ராத்தே சாலை, 1940 ஜனவரியில் சோவியத் படைப்பிரிவு ஒன்று பனியில் சிக்கி அழிந்த இடம். பின்லாந்துச் சிப்பாய்கள் அவர்களுடைய கூடாரங்களையும் களச் சமையலறைகளையும் குறிவைத்து அடித்தார்கள் என்று படித்திருக்கிறேன். குளிர் காயவும் ஈரத்தை உலர்த்தவும் இடமில்லாமல் செய்துவிட்டால் மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும்.

இனாரியில், வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்களின் அருங்காட்சியகம் சீடா. அதில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நாங்கள் இருவரும் நின்ற நேரத்தில் மற்றவர்கள் அருங்காட்சியகத்தையே சுற்றி முடித்திருப்பார்கள். துருவமானின் கால்தோலில் செய்த காலணி, மயிர் வெளிப்பக்கம். அடியில் மயிர் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் படுத்திருக்கும்படி தோலைச் சேர்த்துத் தைப்பார்கள், பனியில் வழுக்காமலிருக்க. முனை மேல்நோக்கி வளைந்து கொக்கியாக நிற்கும். பனிச்சறுக்குக் கட்டையின் வாரில் மாட்டிக்கொள்வதற்காக. கணுக்காலைச் சுற்றி வண்ணம் வண்ணமாக நெய்த நீளப் பட்டை, பனி உள்ளே போகாமல். தைக்கும் நூல் மானின் தசைநார். ஈரம் பட்டால் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும்.

சாக்ஸ் கிடையாது. உள்ளே புல். ஏரிக்கரையில் வளரும் கோரையைக் கோடைக் கடைசியில் அறுத்து, அடித்து நைத்து, சீவி, முறுக்கிக் கட்டாகக் காயவைத்து, குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்துவைப்பார்கள். பத்தமடையில் பாய் நெய்கிற கோரையின் குடும்பம்தான் இதுவும். காலையில் ஒரு பிடியை உதறிப் பிரித்து, கூடு மாதிரி வளைத்து, அதற்கு நடுவே வெறுங்காலை வைத்துக் காலணிக்குள் நுழைப்பார்கள். புல்லுக்குள் காற்று நிற்கும், வியர்வையைப் புல் வாங்கிக்கொள்ளும். ராத்திரி உருவி எடுத்து, விரித்து, நெருப்பின் பக்கம் காயவைத்தால் மறுநாளைக்கு அதே புல். நைந்துபோனால் வீசிவிட்டு வேறு ஒரு பிடி. கைனூவின் மரவீட்டில் ஆணி ஆணியாகத் தொங்கிய ஃபெல்ட் அத்தனையும் இந்தப் புல்லுக்கு வாரிசு. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-ல் கிடைத்த, சுமார் 5,300 வருஷத்துக்கு முந்தைய மனிதன் ஊட்ஸியின் காலணியும் இதே கணக்குதான். கரடித்தோல் அடி, உள்ளே மரப்பட்டை நாரில் பின்னிய வலை, வலைக்குள் புல்.

இந்தப் புல் அன்டார்டிகாவரைக்கும் போயிருக்கிறது. அந்தக் கண்டத்தின் நிலத்தில் முதன்முதலாகக் குளிர்காலத்தைக் கழித்த, 1899-ன் போர்ச்கிரேவிங்க் குழுவின் பத்துப் பேரில் பேர் சாவியோ, ஓலே முஸ்ட் என்ற இரண்டு சாமிகள் இருந்தார்கள். தென் துருவத்துக்குப் போன அமுண்ட்சென், ஸ்காட் இருவர் குழுக்களிலும் துருவமான் தோல் காலணியும் கோரைப் புல்லும் உண்டு. ஆனால் அமுண்ட்செனுக்கே காலில்தான் முதல் அடி விழுந்தது. 1911 செப்டம்பரில் அவசரப்பட்டுக் கிளம்பி, மைனஸ் 50-க்கும் கீழே மாட்டிக்கொண்டு, விறைத்த சறுக்கு பூட்ஸுக்குள் குதிகால் உறைந்த ஆட்களோடு முகாமுக்குத் திரும்பினார். அந்த பூட்ஸைப் பிரித்துப் பெரிதாக்கித் தைத்தார்கள், ஒருமுறை அல்ல. அக்டோபரில் மறுபடி கிளம்பி டிசம்பர் 14-ல் துருவத்தில் நின்றார். கொடியும் நாயும் பாடப்புத்தகத்தில் வருகின்றன. பிரித்துப் பெரிதாக்கிய பூட்ஸ் வருவதில்லை.

திரும்பும் வழியில் இவாலோவில் ஒரு சாமான்கடையில் அண்ணன் வண்டியை நிறுத்தினார். மீன்பிடி வலை, கோடரி, நாய்த்தீனி, எல்லாம் ஒரே கூரையில். பூட்ஸ் அடுக்குக்குப் பக்கத்தில் ஃபெல்ட் உள்காலணி மட்டும் தனியாக, அளவு வாரியாகத் தொங்கியது. அண்ணன் தன் அளவில் இரண்டு ஜோடி எடுத்தார். ஒன்று காலில் இருக்கையில் ஒன்று ஆணியில். கல்லாவில் இருந்த பெண்மணி, பூட்ஸ் இதைத் தாங்கும் அளவுக்குப் பெரியதுதானா என்று கேட்டார். கேட்டது மட்டுமில்லாமல், அட்டை ஒன்றை அதற்குள் வைத்து அளந்தும் காட்டினார். அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளைக்கும் எடுக்கட்டுமா என்று கேட்க, அண்ணியின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது:

"எடுங்க. ஒரு சைஸ் பெரிசா பூட்ஸும் சேர்த்து எடுங்க. போன வருஷம் மாதிரி அளவெடுத்துத் தைச்ச மாதிரி வாங்கிட்டு வந்து நிக்காதீங்க."